அப்பியாசக் கொப்பித் தாளில் பிரித்த குடும்பக் காணி: சட்டத்தின் முன் அது பிரிந்த காணியா?

உரும்பிராய் மகள்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அப்பப்பா 1956ஆம் ஆண்டு அறுதி உறுதி (முழு விற்பனைப் பத்திரம்) மூலம் வாங்கிய 16 பரப்பு (யாழ்ப்பாண நில அளவு) காணி யாழ்ப்பாணத்து உரும்பிராயில் இருக்கிறது. அப்பப்பாவும் அப்பம்மாவும் மரண சாதனம் (உயில்) எதுவும் எழுதாமலே காலமாகிவிட்டார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் நால்வர்: பெரியப்பா, அப்பா, மாமி, சித்தப்பா. 1991ஆம் ஆண்டு சித்திரையில் பெரியப்பா வீட்டு விறாந்தையில் கூடிப் பேசி, காணியை நான்கு துண்டாக்கி, அப்பியாசக் கொப்பியின் நடுத்தாளில் எழுதி, முத்திரை ஒட்டிக் கையொப்பமிட்டார்கள். அப்போது சித்தப்பா கனடாவில் இருந்தபடியால் அவருக்காகப் பெரியப்பாவே ஒப்பமிட்டார். கிராம சேவையாளரும் அயலவர் ஒருவரும் சாட்சிகள். அந்த எழுத்தின்படியே வேலிகள் அடைக்கப்பட்டு, ஒவ்வொருவரும் தத்தம் துண்டை ஆண்டு வருகிறார்கள்.

அப்பாவுக்கு வந்தது தெருக்கரைத் துண்டு. அதில்தான் 2004இல் வீடு கட்டினோம். மாமி திருமணத்தின் பின் கிளிநொச்சியில் வாழ்ந்தவர். அவருடைய பின்பக்கத் துண்டில் அப்பாவே வெங்காயமும் மரவள்ளியும் வைத்து, வருமானத்தில் ஒரு பகுதியை அவருக்குக் கொடுத்துவந்தார். இப்போது மாமியின் மகன், 1991ஆம் ஆண்டின் எழுத்து செல்லாது என்றும், முழுக் காணியிலும் தன் தாயாருக்குப் பிரிபடாத நாலில் ஒரு பங்கு இருக்கிறதென்றும், அதை வெளியாருக்கு விற்கப்போவதாகவும் சொல்கிறார். வீட்டைப் பெருப்பிக்கக் கடன் கேட்டுப் போனபோது வங்கியும், உறுதி அப்பப்பாவின் பெயரில் இருக்கிறது, உங்கள் துண்டுக்குத் தனி உறுதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டது. முப்பது வருடங்களுக்கு மேலாக எல்லோரும் மதித்து நடந்த ஓர் எழுத்து, பதிவு செய்யப்படவில்லை என்ற ஒரே காரணத்தால் வெறுந்தாள் ஆகிவிடுமா?

வலிகாமத்தான்:

தங்கச்சி, எங்கள் பகுதியில் பாதிக் காணிகள் இப்படித்தான் பிரிந்து கிடக்கின்றன. பெரியவர்கள் கூடி இருந்து பிரித்ததை எவரும் மறுத்ததில்லை. வேலி நிற்கிறது, வீடு நிற்கிறது, ஊரும் சாட்சி சொல்லும். கிராம சேவையாளர் ஒப்பமிட்ட எழுத்தை நீதிமன்றம் தள்ளிவிடாது என்றே நான் நம்புகிறேன்.

பருத்தித்துறை வாசகர்:

இது பற்றி ஒரு காணொளியில் சட்டத்தரணி ஒருவர் விரிவாக விளக்கியதைக் கேட்டேன். குடும்பத்துக்குள் வாய்மொழியாகச் செய்யப்பட்ட பாகப்பிரிவினை செல்லும், பிற்பாடு அதை நினைவுக் குறிப்பாக எழுதி வைத்தால் அந்தக் குறிப்புக்குப் பதிவு தேவையில்லை, உயர்ந்த நீதிமன்றமே அப்படித் தீர்த்திருக்கிறது என்று சொன்னார். உங்கள் தாளையும் அத்தகைய குறிப்பாகக் காட்டலாம் அல்லவா?

யாழ் நொத்தாரிசு:

பருத்தித்துறை வாசகர் கேட்டது தமிழ்நாட்டுக் காணொளியாக இருக்க வேண்டும். அதில் சொன்னது அந்த நாட்டுக்குச் சரியான சட்டம்தான். இந்தியாவின் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, காணியில் உரிமையை உருவாக்கும் அல்லது அற்றுப்போகச் செய்யும் ஆவணங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. முன்னரே நடந்து முடிந்த குடும்ப ஏற்பாட்டை நினைவுபடுத்தும் குறிப்புக்கு அது தேவையில்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1976இல் தீர்த்தது. ஆனால் உரும்பிராய்க் காணிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. நமது காணிகளைப் பற்றிக் கேள்வி எழும்போதெல்லாம் அந்தக் காணொளிகளை வைத்து முடிவெடுப்பவர்களை என் மேசையில் அடிக்கடி காண்கிறேன். அதனால் வரும் நட்டம் பெரிது.

இலங்கையில் இந்த விடயத்தின் வேர் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம். அதன் 2ஆம் பிரிவின்படி, அசையா ஆதனத்தை விற்பதோ, பாராதீனப்படுத்துவதோ (வேறு வகையில் கைமாற்றுவதோ), ஈடு வைப்பதோ, அவற்றைச் செய்வதாக உடன்படுவதோ, எழுத்தில் அமைந்து, கட்சிக்காரர் ஒப்பமிட்டு, ஒரே நேரத்தில் சமுகமாயிருக்கும் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பிரசித்த நொத்தாரிசு (உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்த அதிகாரம் பெற்றவர்) ஒருவரால் அத்தாட்சிப்படுத்தப்பட்டால் அன்றிச் சட்டத்தில் வலுப்பெறாது. நால்வருக்கும் பொதுவான காணியில் ஒரு துண்டு ஒருவருக்கே சொந்தமாவது என்றால், மற்ற மூவரும் அத்துண்டில் தமக்கிருந்த பங்கை விட்டுக்கொடுக்கிறார்கள் என்றுதான் பொருள். ஆகவே 1991ஆம் ஆண்டின் தாள் தன் சொந்தப் பலத்தால் காணியைப் பிரிக்கவில்லை. கிராம சேவையாளரோ சமாதான நீதவானோ ஒப்பமிட்டாலும் அது நொத்தாரிசு அத்தாட்சி ஆகாது.

இந்த இடத்தில் இரண்டு விடயங்களை வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். தங்கச்சி கேட்டது பதிவைப் பற்றி. உங்கள் தாளின் குறை பதிவில் இல்லை. நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்திய உறுதி காணிப் பதிவகத்தில் பதியப்படாவிட்டாலும், அதில் ஒப்பமிட்டவர்களுக்கு இடையே அது செல்லும். பதிவு தருவது முந்துரிமை: 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, பதியாத உறுதி, பெறுமதி கொடுத்து வாங்கிப் பின்னர் முறையாகப் பதிந்தவரின் உறுதிக்கு எதிராக வெறிதாகிவிடும். மறுபக்கம், நொத்தாரிசே இல்லாத எழுத்தைப் பதிவகத்துக்குக் கொண்டுபோனாலும் அந்தக் குறையைப் பதிவு நிவர்த்தி செய்யாது.

அப்படியானால் தாளுக்கு ஒரு பெறுமதியும் இல்லையா என்றால், இருக்கிறது. அது உரிமையைத் தராது; ஆனால் யார் எந்த நாளிலிருந்து எந்தத் துண்டை எந்த எண்ணத்தோடு ஆண்டார் என்பதற்குச் சான்றாகும். கூட்டுச் சொந்தக்காரர்கள் தமக்குள் இணங்கிப் பிரித்து, நிரந்தரப் பிரிவாகவே கருதித் தனித்தனியாகப் பத்து வருடங்களுக்கு மேல் ஆண்டு வந்தால், அவ்வாட்சியினால் ஒவ்வொருவரும் தம் துண்டுக்குத் தனி உரிமை பெறலாம் என்பதை நமது நீதிமன்றங்கள் ஏற்றுள்ளன. அது நிரூபிக்கப்பட்டால், பங்கீட்டு வழக்குப் போட்டாலும், பங்கிடுவதற்குப் பொதுக் காணி இல்லை என்று அவ்வழக்குத் தள்ளுபடியாகும். ஆனால் 'நிரந்தரப் பிரிவாகவே கருதி' என்பதை நிரூபிக்கும் பாரம் உங்கள் மேல்தான் இருக்கும். பயிர் செய்யும் வசதிக்காக மட்டும் வேலி போட்டோம் என்று மற்றவர் வாதிட்டு வெற்றி பெற்றால், முப்பது வருட வேலியும் உதவாது.

உரும்பிராய் மகள்:

ஐயா, மிக்க நன்றி. எங்கள் பக்கம் 1991இலிருந்து எண்ணினால் பத்து வருடம் எப்போதோ கடந்துவிட்டது. ஆனால் 1995 ஐப்பசியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது நாங்களும் தென்மராட்சிக்குப் போய், அடுத்த வருடம்தான் திரும்பினோம். அந்த இடைவெளி ஆட்சியை முறித்துவிடுமா? மாமியோ 2009 வரை, கிளிநொச்சி அடங்கிய வன்னியில் இருந்தவர்.

யாழ் நொத்தாரிசு:

நீங்கள் திரும்பி வந்து அதே வேலிக்குள் அதே துண்டை ஆண்டதால், இடப்பெயர்வை மட்டும் வைத்து ஆட்சி அற்றுப்போனதென்று எவரும் இலகுவில் சொல்லிவிட முடியாது. அதற்கும் மேலாக, திரும்பிய நாளிலிருந்து எண்ணினாலும் உங்களுக்குப் பத்து வருடங்கள் தாராளமாக உண்டு. எனக்குக் கவலை தருவது வேறு.

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, இடையூறும் முறிவும் இல்லாத, மற்றவரின் உரிமைக்கு எதிரான பத்து வருட ஆட்சியைக் கேட்கிறது. கூட்டுச் சொந்தக்காரர்களிடையே இது கடினமானது. ஒரு பங்காளியின் ஆட்சி சட்டத்தின் பார்வையில் எல்லாப் பங்காளிகளின் ஆட்சியே. மனதுக்குள் எண்ணத்தை மாற்றிக்கொள்வதால் அது மற்றவருக்கு எதிராக மாறாது, வெளிப்படையான விலக்கமோ (மற்றப் பங்காளியின் உரிமையை மறுத்து வெளியே நிறுத்துதல்) அதற்கு ஒப்பான செயலோ வேண்டும் என்று கோரியா எதிர் இசேரிஸ் அப்புஹாமி வழக்கில், அக்காலத்து இறுதி மேன்முறையீட்டு மன்றமான கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) 1911இல் தீர்த்தது. 1918இல் திலகரத்ன எதிர் பஸ்தியன் வழக்கில், மிக நீண்டகாலத் தனி ஆட்சியும் அதைச் சூழ்ந்த சம்பவங்களும் சேரும்போது அத்தகைய விலக்கத்தை ஊகிக்கலாம் என்று சற்று நெகிழ்த்தப்பட்டது. இன்றுவரை நமது வழக்குகள் இந்த இரண்டு தீர்ப்புகளுக்கு இடையில்தான் நடக்கின்றன.

உங்கள் தெருக்கரைத் துண்டைப் பொறுத்தவரை, 1991ஆம் ஆண்டின் எழுத்து, அதன்படி அடைத்த வேலி, 2004இல் எவரும் மறுக்காமல் கட்டிய நிரந்தர வீடு ஆகிய மூன்றும் சேர்ந்து நல்ல பலம் தருகின்றன. மாமியின் துண்டில் அப்பா பயிர் செய்தது அப்பாவுக்கு எந்த உரிமையும் தராது. வருமானத்தில் பங்கு கொடுத்ததே, அவர் மாமியின் சார்பில் ஆண்டார் என்பதற்குச் சான்று. அதே நேரம், அத்துண்டை மாமியினுடையது என்று அப்பா மதித்து நடந்தது, பிரிவு உண்மையான பிரிவு என்பதையும் காட்டும். அந்த வருமானம் கொடுத்த கணக்கு ஏதும் எழுத்தில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

மற்றையது, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம். ஆயுதக் குழுவின் செயற்பாடுகளால் நீதிமன்றம் சென்று உரிமை கோர முடியாதிருந்தவர்களுக்கு எதிராக, 1983 மே 1ஆம் திகதி முதல் 2009 மே 18ஆம் திகதி வரையான காலத்தைக் கணக்கிடக்கூடாது என்பதே அதன் சாரம். அதன் பயனைப் பெறுவதற்கும் சட்டம் காலவரையறை வைத்தது. மாமி வன்னியில் இருந்தபடியால் அவர் தரப்பு இதை எடுக்கக்கூடும். அவர்கள் குறித்த காலத்துக்குள் எதுவும் செய்தார்களா என்பதை உங்கள் சட்டத்தரணி முதலில் பார்க்க வேண்டும்.

கிளிநொச்சியிலிருந்து:

நான் இந்தக் குடும்பத்தை அறியேன். ஆனால் மாமியின் இடத்தில் இருந்த பெண் என்ற வகையில் எழுதுகிறேன். பல வீடுகளில் இப்படித் தாள் எழுதும் நாளில், பெண்பிள்ளையைக் கூப்பிட்டு 'இதில் ஒப்பம் வை' என்றுதான் சொன்னார்கள். தெருக்கரை அண்ணன்மாருக்கும், பின்பக்கம் தங்கச்சிக்கும் போனது தற்செயல் அல்ல. பிற்பாடு தெருக்கரை விலை பல மடங்கு ஏறியபோது அவளுடைய பிள்ளை கேள்வி கேட்கிறான். அவன் சட்டத்தில் தோற்கலாம். கேட்டதில் நியாயம் இல்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். இடப்பெயர்வுகளில் உறுதியும் பெட்டகமும் தொலைந்த எங்களுக்கு, அந்தத் தாளின் பிரதிகூடத் தரப்படவில்லை.

வலிகாமத்தான்:

அக்கா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் மாமிக்குச் சீதனமாக வேறு காணி கொடுக்கப்பட்டிருந்தால், தேசவழமையின்படி (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) இந்தக் காணியில் அவருக்குப் பங்கே இல்லை என்றும் வாதிடலாம் அல்லவா?

யாழ் நொத்தாரிசு:

அந்த வாதத்தை எடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான ஆலோசனை. 1707ஆம் ஆண்டுத் தேசவழமைத் தொகுப்பில், சீதனம் பெற்ற மகள் பெற்றோரின் மிகுதி ஆதனத்தைக் கோருவதற்குத் தடை இருந்தது உண்மை. ஆனால் 1991இல் நீங்கள் எல்லோரும் ஒப்பமிட்ட தாளே அவரை நாலில் ஒரு பங்காளியாக ஏற்கிறது. ஒரு கையால் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் அதில் உள்ள அவர் பெயரை அழிக்க முடியாது. கிளிநொச்சிச் சகோதரி சொன்னது நீதிமன்றத்துக்கும் பொருந்தும்: விருப்பமின்றி அல்லது விளங்காமல் ஒப்பமிட்டார் என்று மாமி சாட்சியமளித்தால், தாளின் சான்றுப் பெறுமதி வெகுவாகக் குறையும்.

அளவைக்காரர்:

நான் ஓய்வுபெற்ற நில அளவையாளர். தங்கச்சி, அந்தத் தாளில் எல்லைகள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று சொல்வீர்களா? படம் ஏதும் உண்டா?

உரும்பிராய் மகள்:

படம் இல்லை, ஐயா. அப்பாவின் துண்டுக்கு எழுதியிருப்பது இது: "கிழக்கே தெரு, வடக்கே ஒழுங்கை, மேற்கே கிணற்றடிப் பூவரசிலிருந்து இரட்டைப் பனை வரை இழுத்த நேர்கோடு, தெற்கே அண்ணையின் பங்கு, இதற்குள்பட்ட நாலு பரப்பு." இரட்டைப் பனையில் ஒன்று ஷெல் விழுந்து பட்டுப்போனது. பூவரசு இப்போது இல்லை. அந்த இடத்தில் கிளுவைக் கதியால் (நட்ட தடி) வேலி நிற்கிறது.

அளவைக்காரர்:

நான் அஞ்சியது இதைத்தான். கதியால் வேலி ஒவ்வொரு முறை அடைக்கும்போதும் ஒரு சாண் அங்கும் இங்கும் நகரும். பரப்புக்குப் பதினெட்டுக் குழி என்று கணக்குப் பார்க்கும் ஊரில், அந்தச் சாண் முப்பது வருடத்தில் ஒரு குழியை விழுங்கிவிடும். 'நாலு பரப்பு' என்பதும் அளந்து எழுதியதல்ல, மதித்து எழுதியது. நான் அளந்த பழைய காணிகளில் உறுதியில் உள்ள விஸ்தீரணமும் நிலத்தில் உள்ள விஸ்தீரணமும் ஒத்துப்போனது அரிது.

எவருடனும் வாதாடுவதற்கு முன் பதிவு பெற்ற நில அளவையாளரைக் கொண்டு முழு 16 பரப்பையும், உள்வேலிகள், வீடு, கிணறு, மிஞ்சி நிற்கும் பனை, ஒழுங்கை எல்லாம் காட்டி அளப்பியுங்கள். அளக்கும் நாளை எல்லாப் பங்காளிகளுக்கும் எழுத்தில் அறிவித்து, வரக்கூடியவர்களை நிலத்தில் நிற்க வையுங்கள். மாமியின் மகன் வந்து நின்று, இந்த வேலிதான் 1991ஆம் ஆண்டின் வேலி என்று ஏற்றால் பாதிப் பிணக்குத் தீர்ந்துவிடும். ஆனால் வரைபடமும் உரிமை தராது. அதைக் கையில் வைத்துக்கொண்டு காணி பிரிந்துவிட்டது என்று இருந்துவிடுபவர்கள் ஏராளம்.

கனடா வாசி:

எனக்கு விளங்காத ஓர் இடம். கனடாவிலிருந்த சித்தப்பாவுக்காகப் பெரியப்பா ஒப்பமிட்டாரே, அது எந்த வகையில் அவரைக் கட்டுப்படுத்தும்? நானும் அதே நிலையில் இருப்பவன். என் பங்கையும் அண்ணன் 'எனக்காக' ஏற்றுக்கொண்டதாகப் பின்னர்தான் அறிந்தேன்.

யாழ் நொத்தாரிசு:

அற்றோர்னித் தத்துவம் (ஒருவருக்காக மற்றவர் ஒப்பமிட எழுத்தில் கொடுக்கும் அதிகாரம்) இல்லாமல் இட்ட ஒப்பம் உங்களையும் கட்டுப்படுத்தாது, அந்தச் சித்தப்பாவையும் கட்டுப்படுத்தாது. எல்லாப் பங்காளிகளும் சேராத பிரிவு, இணங்கிய பிரிவு ஆகாது. இந்தத் தாளின் ஆகப் பெரிய ஓட்டை அதுதான். பின்னர் அவர் அதை ஏற்று, தன் துண்டில் வேலி அடைப்பித்தோ குத்தகை வாங்கியோ நடந்துகொண்டிருந்தால் அந்த ஓட்டை ஓரளவு அடைபடும். தங்கச்சி, சித்தப்பா உயிரோடு இருக்கும்போதே அவருடைய நிலைப்பாட்டைக் கேட்டறியுங்கள். அவர் ஒப்பமிட இணங்கினால், அங்குள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்திலோ துணைத் தூதரகத்திலோ அற்றோர்னித் தத்துவத்தை அத்தாட்சிப்படுத்தி அனுப்பலாம். அது இங்கே பதியப்பட வேண்டும்.

வலிகாமத்தான்:

ஐயா, ஒன்று கேட்கிறேன். இப்போது எல்லோரையும் கூப்பிட்டு உறுதி எழுதுவோம் என்றால், தூங்குகிற சண்டையை எழுப்பியது போல் ஆகாதா? பேசாமல் இருந்து, வழக்கு வந்தால் ஆட்சியுரிமையைச் சொல்லிக்கொள்ளலாமே.

யாழ் நொத்தாரிசு:

சண்டை ஏற்கனவே விழித்துவிட்டது. மாமியின் மகன் விற்கப்போவதாகச் சொல்லிவிட்டார். வெளியார் ஒருவர் பிரிபடாத நாலில் ஒரு பங்கை வாங்கிப் பதிந்தால், அவர் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிடலாம். அதன்பின் ஆணையிடப்பட்ட அளவை, உரித்து விசாரணை, இடைக்காலத் தீர்ப்பாணை, இறுதி அளவை, இறுதித் தீர்ப்பாணை என்று அது செல்லும் தூரம் உங்களுக்குத் தெரியும். ஒருவர் இறந்தால் அவர் வாரிசுகளைச் சேர்க்க வேண்டும். அவர்களில் ஒருவர் ஜெர்மனியில் இருப்பார். பங்கீட்டுத் தீர்ப்பாணைக்கு ஈடான தெளிவான உரித்து வேறில்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தாள் எழுதியவர்களில் சிலராவது இன்னும் உயிரோடு இருக்கும்போது அந்த வழிக்குப் போவது எனக்கு மனவருத்தம் தருகிறது. ஆட்சியுரிமைக்குச் சாட்சி சொல்லக்கூடியவர்களும் அவர்கள்தான். அவர்கள் போனபின் தாள் மட்டும் பேசாது.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் காணிப் பதிவகத்தில் தோம்பு (காணிப் பதிவேடு) பார்த்து, 1956ஆம் ஆண்டு உறுதிக்குப் பின் எவராவது எதையாவது எழுதினார்களா என்று அறியுங்கள். அந்தப் பதிவேட்டில் கேவியற் (எச்சரிக்கை அறிவித்தல்) ஒன்று பதிந்து வைத்தால், புதிதாக ஓர் உறுதி பதிய வரும்போது உங்களுக்கு அறிவித்தல் கிடைக்கும். விற்பனை நடக்குமென்றால், 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கத் தேசவழமை முன்னுரிமைக் கொள்வனவுக் கட்டளைச் சட்டத்தின்படி கூட்டுச் சொந்தக்காரருக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. ஒரு எச்சரிக்கை: கூட்டுச் சொந்தக்காரர் என்று அந்த உரிமையைக் கோரிக்கொண்டே, காணி 1991இல் பிரிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. எந்தப் பாதையில் போகிறீர்கள் என்பதைச் சட்டத்தரணியோடு முதலே தீர்மானியுங்கள்.

இணக்கம் கிடைத்தால், புதிய வரைபடத்தை வைத்து நால்வர் தரப்பும் சேர்ந்து நொத்தாரிசு முன் பங்கீட்டு உறுதி எழுதுங்கள். பெரியப்பா காலமாகியிருந்தால் அவர் பிள்ளைகள் எல்லோரும் ஒப்பமிட வேண்டும். அவர்களில் வயது வராதவர் இருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டும். இறந்தவரின் ஆதனம் சட்டம் குறிக்கும் பெறுமதிக்கு மேற்பட்டதா, அதற்கு மரணசாதன வழக்குத் தேவையா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மாமியின் கணவர் உயிரோடு இருந்தால் அவருடைய எழுத்துச் சம்மதத்தையும் உறுதியிலேயே பெறுங்கள். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் அசையா ஆதனத்தைக் கைமாற்றுவதற்கு அதைக் கேட்கிறது. இந்த ஏற்பாடு அநீதியானது என்பதே என் கருத்து. ஆனால் நீக்கப்படும் வரை அதைப் புறக்கணித்து எழுதும் உறுதி பின்னர் தாக்கப்படும். தெருக்கரைக்கும் பின்பக்கத்துக்கும் இருக்கும் பெறுமதி வேறுபாட்டுக்கு மாமிக்கு ஒரு தொகை கொடுப்பதை அப்பா யோசிக்கலாம். சட்டம் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. இணக்கத்தை அது கொண்டுவரும்.

உரும்பிராய் மகள்:

அந்தத் தொகை பற்றி நேற்றே அப்பாவோடு பேசினேன், மறுக்கவில்லை. சித்தப்பாவையும் தொலைபேசியில் பிடித்தேன், தத்துவம் அனுப்பச் சம்மதம் என்றார். ஒன்று மட்டும் மிச்சம்: கிணறு அப்பாவின் துண்டுக்குள் இருக்கிறது. நால்வரும் அதில்தான் தண்ணீர் இறைக்கிறார்கள். தாளில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அளவைக்காரர்:

வரைபடத்தில் கிணற்றையும், கிணற்றுக்குப் போகும் வழியையும், பின்பக்கத் துண்டுக்கு நீர் ஓடும் வாய்க்காலையும் தனித்துண்டாக, அகலத்தோடு குறிக்கச் சொல்லுங்கள். மாமியின் துண்டுக்குத் தெருவிலிருந்து பாதை உண்டா என்பதையும் பாருங்கள். துண்டு பிரிப்புக்குப் பிரதேச சபை அங்கீகாரம் கேட்கும்போது பாதையின் அகலத்தை அவர்கள் பார்ப்பார்கள்.

யாழ் நொத்தாரிசு:

அந்தத் தனித்துண்டு நால்வருக்கும் பிரிபடாமல் பொதுவாகவே இருக்கட்டும். ஒவ்வொருவரின் துண்டையும் விபரிக்கும் அட்டவணையின் முடிவில் 'கிணற்றிலும் வழி வாய்க்காலிலும் நாலில் ஒரு பங்கு' என்று சேர்த்து, மின்சார மோட்டார் வைக்கும் உரிமையையும், கிணறு இறைத்துத் துப்புரவாக்கும் செலவை நால்வரும் சமமாக ஏற்பதையும் எழுதுவித்துக்கொள்ளுங்கள். உறுதி முடிந்ததும் தாமதிக்காமல் பதிவுக்குக் கொடுங்கள். 1991ஆம் ஆண்டின் தாளை எறிந்துவிடாமல் உறுதியோடு சேர்த்து வைத்திருங்கள்.